பௌன் வீடா, குவேக்கர் மண்டபமா?

நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவின் பெயரைக் கவனித்திருப்பீர்கள்: பௌன் தெரு. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் பௌனின் பெயர் அது. அவர் வீடு அதே தெருவில் இன்னும் நிற்கிறது. அவர் சமூகத்தின் வழிபாட்டு மண்டபமும் நடந்து போகிற தூரம்தான். கையில் அரை நாள் இருந்தால் எதைப் பார்ப்பது?

வயது: வீடு 1661 வாக்கில் கட்டியது, மண்டபம் 1694.

வரலாறு: இதில் வீட்டுக்கே என் ஓட்டு. அப்போது இந்த ஊர் டச்சுக் காலனி. தடையை மீறிக் குவேக்கர்களை இந்த வீட்டில் வழிபாட்டுக்கு ஒன்றுகூட விட்டதற்காக 1662இல் டச்சு ஆளுநர் ஸ்டைவசன்ட் பௌனைக் கைது செய்து நாடு கடத்தினார். பௌன் ஆம்ஸ்டர்டாம் போய், காலனியை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே முறையிட்டு ஜெயித்தார். யாருடைய மனசாட்சியையும் வற்புறுத்த வேண்டாம் என்று 1663இல் கம்பெனி ஸ்டைவசன்ட்டுக்கு எழுதியது. அந்த மனிதரின் பெயர் கொண்ட தெருவில் நம் பிள்ளையார் குடியிருப்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

உயிர்ப்பு: வீடு இப்போது அருங்காட்சியகம். மண்டபத்தில் ஞாயிறுதோறும் இன்றும் மௌன வழிபாடு நடக்கிறது. பீடமோ பூசாரியோ கிடையாது, மர பெஞ்சுகள் மட்டுமே. பக்கத்து இடுகாட்டில்தான் பௌனும் இருக்கிறார்.

வசதி: வீட்டுக்கு முன்கூட்டியே நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கதை கேட்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் வீடு. கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும் என்றால், ஞாயிறு காலை மண்டபம், அப்புறம் கோயில் கேன்டீனில் தோசை.