1,350 வெள்ளி போச்சு: பிள்ளைகளுக்குப் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

1,350 வெள்ளி, அதாவது ரிங்கிட். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு நாளாகத் தூங்கப் போனாலும் அதே நினைப்பு, தேங்காய் துருவினாலும் அதே நினைப்பு. கோலாலம்பூர் செந்தூல் பக்கம் காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கிறேன். ஒரு பொட்டலம் 3 வெள்ளி. 450 பொட்டலம் மடித்தால்தான் அந்தக் காசு, அதுவும் அரிசி, முட்டை, நெத்திலி செலவைக் கழிக்காமல். அதைக் கொண்டுபோய் ஒரு மாடிக்கடையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவன் ஜனவரியில் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 போகிறான். சின்னவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஆசிரியர்கள் கூகுள் கிளாஸ்ரூமில் பாடம் போடுகிறார்கள், கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கணக்கில் நுழைந்து செய்ய வேண்டும். வீட்டில் அதற்கு இருப்பது என் கைப்பேசி ஒன்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அதற்காக நடக்கும் சண்டையைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பள்ளி திறப்பதற்குள் ஒரு லேப்டாப் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஒரு சுற்று சுற்றினோம். எங்களுக்குப் பிடித்த புது மாடல்கள் எல்லாம் 2,000-ஐத் தொட்டன. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அந்த மாதம் லாரிக்கு டயர் செலவு வேறு. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர், கம்பெனிகள் கழித்துப்போட்ட லேப்டாப்பைச் சுத்தம் செய்து விற்கும் கடை ஒன்று இருக்கிறது, பாதி விலைதான் என்றார்.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. கோலாலம்பூரில் கடைவீட்டு வரிசையின் மாடியில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடை, அவ்வளவுதான். படியேறிப் போனதும் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், சுவர் முழுக்க லேப்டாப். நெற்றியில் திருநீறு பூசிய பையன் ஒருவன் எழுந்து வந்து, "வாங்க அக்கா, உட்காருங்க" என்றான்.

நான் விழுந்தது அந்த 'அக்கா'வில்தான், சத்தியமாகச் சொல்கிறேன். லோ யாட்டில் எங்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவன் நாற்காலி போட்டான், சின்னவளுக்கு மைலோ பொட்டலம் கொடுத்தான். மகனிடம் எந்தப் பள்ளி, எஸ்.பி.எம். (படிவம் 5 அரசுத் தேர்வு) எப்போது என்று கேட்டான். தானும் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்தவன்தான், அம்மா பால்மரம் வெட்டித்தான் படிக்க வைத்தார் என்றான். என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நம்ம பிள்ளைக்கு நான் மோசமானதைக் கொடுப்பேனா அக்கா? இது ஐ5, 8 ஜிபி, 256 எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல லா" என்றான். திறந்து காட்டினான், பளிச்சென்று இருந்தது. விலை 1,400. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தவன், தானாகவே 50 குறைத்து 1,350 என்றான். ஒரு பை, ஒரு மவுஸ் இலவசம்.

கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தபோது கைப்பேசியில் கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "தவுக்கே பேரு அக்கா" என்றான், முதலாளியைச் சொல்கிறான். சரி என்று அழுத்திவிட்டேன். ரசீது கையால் எழுதியது: 'லேப்டாப் 1, வெ.1,350', கீழே ஒரு மாத வாரண்டி என்று ரப்பர் முத்திரை. என்ன மாடல், என்ன சீரியல் எண், ஒன்றும் இல்லை. வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு அவனுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்!

முதல் மூன்று நாள் வீட்டில் திருவிழாதான். நாலாம் நாள் மகன், "அம்மா, சார்ஜரைப் பிடுங்கினா முக்கால் மணி நேரம்கூட நிக்கலம்மா" என்றான். பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்றேன். திரையின் மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று மங்கலாக ஒரு வரி இருந்தது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறான். லேப்டாப்பைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கைவைக்கும் இடத்தில் பளபளவென்று ஐ5 ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் நெருடினான், லேசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் நீளவாக்கில் பழைய பசைத் தடம், கம்பெனிகள் எண் போட்டு ஒட்டுவார்களே, அந்த அளவு. அப்புறம் செட்டிங்ஸில் போய் 'அபௌட்' பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினான். பிராசஸர், அதாவது கணினியின் மூளை, ஐ5-6300யூ. "கோட்டுக்கு அப்புறம் வர்ற முதல் எண் 6. ஆறாம் தலைமுறை அக்கா, 2015-ல வந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேக்கிறது எட்டாம் தலைமுறையிலேருந்துதான். சோதனையை ஏமாத்தி ஏத்தியிருக்கானுங்க" என்றான். பழைய விண்டோஸ் 10-க்கே போய்விடலாமே என்றேன். அதற்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துவிட்டதாம். கறுப்புச் சன்னலில் ஏதோ ஒரு வரி அடித்து பேட்டரி அறிக்கை எடுத்தான். புதிதாக இருந்தபோது 46,000 சொச்சம் கொள்ளளவு, இப்போது 17,000. ஐ5 என்று கடைப் பையன் சொன்னது பொய் இல்லைதான். எந்த ஐ5 என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

சரி, போனது போகட்டும், உள்ளே என்ன வைத்திருக்கிறார்களோ தெரியாது, முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக அமைத்துத் தருகிறேன் என்று தம்பி ரீசெட் கொடுத்தான். இரண்டு மணி நேரம் ஓடியது. மொழி கேட்டது, வைஃபை கேட்டது, கொடுத்தோம். அடுத்த திரையில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரும் சின்னமும் வந்து நின்றன. அந்தக் கம்பெனியின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் உள்ளே விடுமாம். தம்பி நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

அவன் விளக்கியது இதுதான். பெரிய கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பின் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்துவைத்துக்கொள்ளும். ஆட்டோபைலட் என்று பெயர். எத்தனை தடவை அழித்துப் போட்டாலும், முதல் அமைப்பின்போது இணையம் கிடைத்ததும் பழைய முதலாளியின் கதவுதான் திறக்கும். கழித்துவிடும்போது அந்தக் கம்பெனியே பதிவை நீக்கியிருக்க வேண்டும், இதில் நீக்கவில்லை. கடையில் இணையத்தோடு இணைக்காமல் அமைத்து வைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. தம்பியாலும் அதே மாதிரி செய்து திறந்துகொடுக்க முடியும். ஆனால் அடுத்த தடவை அழிக்க நேர்ந்தால் இதே கதைதான். அது ஒழுங்காக விற்ற பொருளா, எங்கேயோ காணாமல் போன பொருளா என்பதும் தெரியாது. பிள்ளை படிக்கிற வீட்டில் அது எதற்கு?

இனிமேல்தான் கூத்து. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் மதியம், "கடையில கூட்டம் அக்கா, அப்புறம் சொல்றேன்." சாயங்காலம், "நீங்கதானே ரீசெட் பண்ணீங்க, வாரண்டி போச்சு." அதற்கடுத்த நாள் வியாபாரத்தைப் பாதியில் மூடிவிட்டு நேரில் போனேன். அவன் இல்லை. வேறொருவர் இருந்தார். வாரண்டி ஹார்ட்வேருக்கு மட்டும், சாஃப்ட்வேருக்குக் கிடையாது என்றார். சரி, பேட்டரி ஹார்ட்வேர்தானே என்றேன். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் வாரண்டி கிடையாதாம். 120 வெள்ளி கொடுத்தால் அந்தத் திரையை 'எடுத்துத் தருவார்களாம்'. 1,350 வாங்கியவர்களுக்கு இன்னும் 120!

மறுபடி போனபோது திருநீற்றுப் பையன் இருந்தான். என்னை 'மேடம்' என்றான். தமிழில் கேட்டேன், மலாயில் பதில் சொன்னான். இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுக்கலாம், மேலே 400 கட்டுங்கள் என்றான். பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் சுவரைக் காட்டினான். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அட்டை தொங்கியது. அங்கே உட்கார்ந்திருந்த வேறொரு குடும்பம் என்னைப் பார்த்தது. சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, அழுகைதான் வந்தது. அது இன்னும் எரிகிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன். மணி பதினொன்று ஆகிவிட்டது, காலையில் மூன்றரைக்கு எழ வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ5, ஐ7 என்ற பேச்சை நம்பாதீர்கள், அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்றாம் தலைமுறை. காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே, உங்கள் கைப்பேசி இணையத்தைக் கொடுத்து, முழுக்க ரீசெட் செய்து முதல் திரையிலிருந்து அமைக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் ஆனாலும் உட்காருங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் மாடலும் சீரியல் எண்ணும் வேண்டும். தனி ஆள் பெயருக்குக் காசு போடாதீர்கள். மைலோ கொடுத்தாலும் போடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கே நேற்றுதான் தெரியும். சுவரில் தொங்கும் அந்த அட்டையால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் செத்துப்போய்விடாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபியூனலில், 50,000 வெள்ளி வரை கேட்டு வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தம்பி இணையத்திலேயே முதல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறான். பணம் போன கியூஆர் பெயரும் ரசீதில் உள்ள கடைப் பெயரும் வேறு வேறாக இருப்பதால் யார் மீது போடுவது என்று தலையைச் சொறிகிறான். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்தக் கம்பெனித் திரையின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 1,350 திரும்பி வருமோ வராதோ, 5 வெள்ளி கட்டத்தான் போகிறேன்.

லேப்டாப் ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. பிள்ளைகள் இன்றைக்கும் கைப்பேசிக்கு அடித்துக்கொண்டார்கள். இதை எழுதும் முன் அந்தப் பையனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். என்னைத் தடுக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. 'பள்ளிப் பிள்ளைகளுக்கு பட்ஜெட் லேப்டாப், ஐ5, 1,400 மட்டுமே' என்று தமிழில் போட்டிருக்கிறான். படத்தில் அதே பை, அதே மவுஸ், கைவைக்கும் இடத்தில் பளபளவென்று ஒரு புது ஸ்டிக்கர்.