ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கிற ‘பேட்’ வாங்கப் போகிறீர்களா? நான் 38,500 ரூபாய் விட்ட இடம் இது

மாடி வீட்டில் இருந்துகொண்டு, பெரிய ஸ்பீக்கர் வைத்து, கீழ் வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்குகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நான் கடைக்குப் போனேன், அந்தப் பயத்தைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். மூன்று வருஷம் சேர்த்து வைத்து வாங்கிய ஜோடி ஸ்பீக்கர், தரையில் நிற்கிற உயர வகை, ஒன்று 18 கிலோ. ராத்திரி சாப்பிட்ட பிறகு பழைய கச்சேரிப் பதிவுகள் கேட்பது வழக்கம். இரண்டு குறை இருந்தது. ஒன்று, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழுகிற அடி ‘தொம்’ என்று நிற்காமல் ‘தொம்ம்ம்’ என்று இழுத்தது, அடுத்த சொல் அதற்குள் மூழ்கிப்போகும். இன்னொன்று, கீழ் வீட்டு அம்மா ஒருநாள் படியேறி வந்து, “தம்பி, நீங்க பாட்டு போட்டா எங்க ஷோகேஸ் கண்ணாடி கடகடன்னு அடிக்குது, பேத்திக்குத் தூக்கம் கெடுது” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு தயக்கமாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை.

அந்த வார சனிக்கிழமை ஒரு ஆடியோ ஷோரூமுக்குப் போனேன். பெயர் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. அங்கே இருந்தவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், “சார், உங்க ஸ்பீக்கர்ல தப்பே இல்ல. அதிர்வு தரைக்கு இறங்குது, அதான் ரெண்டு பிரச்சினைக்கும் காரணம். ஐசோலேஷன் பண்ணிட்டா கீழ் வீட்டுக்கு ஒரு பொட்டு சத்தம் போகாது” என்றார். அப்புறம் டெமோ. ஒரே பாட்டை ஸ்பீக்கர் வெறும் தரையில் இருக்கும்போது ஒரு முறை, பேட் வைத்து ஒரு முறை போட்டார். இரண்டாவது முறை நிஜமாகவே நன்றாக இருந்தது. குரல் முன்னால் வந்தது, பாஸ் என்கிற கனத்த அடித்தொனி நிறைந்து கேட்டது. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

“ஜப்பான் மெட்டீரியல்” என்று சொல்லி, மேலே பித்தளைத் தட்டு வைத்த ரப்பர் பேட் 8, ஒன்று 3,000. அந்தத் தட்டின் குழியில் உட்காருவதற்குப் பித்தளை ஸ்பைக், அதாவது கூர்முனைக் கால், 8, ஒன்று 1,000. ஸ்பீக்கர் ஒயர் தரையில் படாமல் தூக்கி வைக்கப் பீங்கான் குமிழ்கள் ஒரு செட் 6,500. ஜிபேயில் 38,500 அனுப்பினேன். கையில் கொடுத்தது மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி போட்டா 18 சதவீதம் கூடும், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். இதே வசனத்தை நம்மில் எத்தனை பேர் எத்தனை கடையில் கேட்டுவிட்டுச் சும்மா வந்திருக்கிறோம்!

வீட்டில் பொருத்திய முதல் வாரம் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றியது. செலவு செய்த காது அப்படித்தான் கேட்கும். ஆனால் பத்தாவது நாள் கீழ் வீட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். “கொஞ்சம்கூடக் குறையல தம்பி” என்றார்.

மூன்றாவது வாரம் வீடு பெருக்குவதற்காக ஸ்பீக்கரை லேசாக நகர்த்தியபோது ஒரு பேடின் பித்தளைத் தட்டு அப்படியே பெயர்ந்து வந்தது. வெறும் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பைக் நழுவித் தரையில் இறங்கி, டைல்ஸில் ஒரு சில்லு தெறித்தது. தூக்கிப் பார்த்தால் பேட் இருந்த இடத்தில் வெள்ளை டைல்ஸ் மேல் கறுப்பு வளையம். மட்டமான ரப்பரில் இருக்கிற எண்ணெயும் ரசாயனமும் மெல்லக் கசிந்து ஏற்படுகிற கறை அது, வினிகர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தட்டு இருந்த இடத்தில் பசையைச் சுரண்டினேன். உள்ளே வட்டமான பள்ளம், பள்ளத்தைச் சுற்றித் தேன்கூடு மாதிரி அச்சு, ஓரத்தில் அச்சில் விழுந்த சின்ன எண் 4. இந்த அச்சை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கள் பால்கனியில், வாஷிங் மெஷின் காலுக்கு அடியில்!

தெருமுனை ஹார்டுவேர் கடையில் போய்க் கேட்டேன். நான்கு கொண்ட செட் 300 ரூபாய். வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். அதே உயரம், அதே தேன்கூடு, அதே இடத்தில் எண். 3,000 ரூபாய்ப் பேடில் கூடுதலாக இருந்தது அந்தப் பித்தளைத் தட்டும் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கரும் மட்டும்தான்.

விலை மட்டும் பிரச்சினை என்றால் இத்தனை நீளமாக எழுதமாட்டேன். நியாயமான விலைக்கே வாங்கியிருந்தாலும் அந்த ரப்பர் என் ஸ்பீக்கருக்குப் பயன்பட்டிருக்காது. மிருதங்கத்துக்கு ரவை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தொப்பித் தோலின் நடுவில் எவ்வளவு ரவை அப்புகிறோமோ அதற்கேற்ப நாதம் இறங்கும், கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. பேடும் அப்படித்தான், மேலே ஏறுகிற எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எடை ஏறியதும் அது கொஞ்சமாவது அமுங்க வேண்டும், அமுங்குகிற அளவுதான் அது எந்த அதிர்வுக்கு மேல் தடுக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கணக்கும் சுலபம்: மில்லிமீட்டரில் எவ்வளவு அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த அமைப்பு தானாக ஆடுகிற வேகம், அதாவது இயல்பு அதிர்வெண், ஹெர்ட்ஸில் கிடைக்கும். அதைப்போல 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் தடுக்கவே ஆரம்பிக்கும். அந்த இயல்பு அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும்.

லேத் பட்டறை வைத்திருக்கிற என் மச்சான் வெர்னியர் காலிப்பர் கொண்டுவந்தான். பேடின் உயரம் எடை இல்லாமல் 25 மில்லிமீட்டர், ஸ்பீக்கர் ஏறிய பிறகு 24.7. “மாப்ள, இது உன் ஸ்பீக்கர் மேல ஏறினதையே கண்டுக்கலடா” என்றான். 0.3 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 29 ஹெர்ட்ஸ் வருகிறது. ரப்பர் அதிரும்போது நின்ற நிலையில் இருப்பதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் நிஜத்தில் அதைவிடக் கூடத்தான் இருக்கும். ஆக 40, 50 ஹெர்ட்ஸ் வரைக்கும் அது ஒன்றையும் தடுக்கப்போவதில்லை. 60, 70 கிலோ மெஷினுக்குச் செய்த பொருள், 18 கிலோவுக்கு அது கல்.

சார்போத்தேன் என்று ஒரு பொருள் உண்டு, பாலியூரித்தேன் வகை, நிஜமாகவே நல்ல பொருள். அதையும் எடை பார்த்து, உயரத்தில் 10 முதல் 20 சதவீதம் அமுங்கும்படி கடினத்தன்மை தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆகவே விற்கிறவர் உங்கள் ஸ்பீக்கரின் எடையைக் கேட்கவில்லை என்றால் அங்கேயே எழுந்துவிடலாம். என்னிடம் எடையைக் கேட்கவே இல்லை.

ஸ்பைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரப்பலகைத் தரையில் கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீடுகளில், கம்பளத்தைத் துளைத்து ஸ்பீக்கரை ஆடாமல் பலகையோடு பிணைக்க ஸ்பைக் உதவும். நம் ஊரில் கான்கிரீட் தளத்தின் மேல் டைல்ஸ், அதில் எதைத் துளைப்பது? ஸ்பைக் பிணைப்பது, பேட் பிரிப்பது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஸ்பீக்கருக்கு விற்றிருக்கிறார். ஒயர் தூக்கும் பீங்கானைப் பற்றி எழுத எதுவும் இல்லை, எடுத்துவிட்டேன், ஒலியில் எந்த மாற்றமும் இல்லை.

சரி, அந்த ‘தொம்ம்ம்’ எங்கிருந்து வந்தது? என் அறை 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் சில அதிர்வெண்கள் மட்டும் நின்று வீங்கும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் வீக்கம் எங்கே என்று தெரியும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. எனக்கு அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 56-இல் இரட்டை வீக்கம். அறையில் ஒலி எப்படி இருக்கிறது என்று அளக்க ரூம் ஈக்யூ விசார்ட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. நண்பரிடம் அளவை மைக் கடன் வாங்கி அளந்தேன், 56-ஐ ஒட்டி ஒரு மலையே நின்றது. இது காற்றில் நடக்கிற விஷயம். ஸ்பீக்கருக்கு அடியில் தங்கத்தையே வைத்தாலும் இது போகாது. கீழ் வீட்டுக் கதையும் பெரும்பாலும் அதேதான்: அறைக்குள் வீங்கிய பாஸ் காற்று வழியாகத் தளத்தையே அதிரவைக்கிறது, ஸ்பீக்கரின் கால் வழியாக இறங்குவது அதில் ஒரு சின்னப் பங்கு.

அப்படியென்றால் கடையில் எப்படி நன்றாகக் கேட்டது? இது எனக்கும் உறுத்தியது. நண்பரை வாடிக்கையாளர் மாதிரி அனுப்பி, நான் ஓரமாக நின்று போனில் சத்தம் அளக்கும் செயலியை ஓடவிட்டேன். பேட் இல்லாமல் 74 டெசிபல், பேட் வைத்த பிறகு 77. போன் செயலியின் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் அதே போன், அதே இடம், அதே பாட்டு என்றால் வித்தியாசத்தை நம்பலாம். ரிமோட் அவர் கையில் இருந்தது. சத்தம் கொஞ்சம் கூடினால் தரம் கூடியதாகவே மனசு எடுத்துக்கொள்ளும், அதிலும் பாஸ் மற்றதைவிட அதிகமாக நிறையும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பாஸ் சரியாகக் கேட்காது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து வைத்துவிட்டார்கள். டூல், ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1994-இல் ஒரே ஆட்களை ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டும் பார்க்காமலும் கேட்கவைத்தபோது மதிப்பெண்களே மாறிப்போயின. அனுபவசாலிகளுக்கே அப்படி. நீங்கள் ஏமாந்தால் உங்கள் காது மட்டம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பித் தரப் போனேன். “ஓப்பன் பண்ணியாச்சு சார், எடுக்க முடியாது.” ஹார்டுவேர் கடைப் பேடை மேஜையில் வைத்தேன். “பார்க்க அப்படித்தான் இருக்கும், உள்ள இருக்கற காம்பவுண்டு வேற.” எந்தக் கம்பெனி, யார் இறக்குமதி செய்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்போதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதிப் பொட்டலம் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எம்ஆர்பி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகள் இருக்கின்றன. என் பெட்டியில் அந்த ஸ்டிக்கரைத் தவிர எதுவும் இல்லை. வாங்கும் அன்றே ஒரு நிமிஷம் பெட்டியைத் திருப்பியிருந்தால் போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அங்கே பேசியவர் பொறுமையாக விளக்கினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம்தான். குறையுள்ள பொருளை, பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அதில் சேரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. புகார் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது, பணம் தரமாட்டார்களாம், அதே தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் செலவில்லாமல் செய்தது: சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி இருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்தேன், பின்சுவரோடு ஒட்டிக் கிடந்த என் நாற்காலியை மூன்றடி முன்னால் போட்டேன், ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற ஈக்வலைசரில் 56-ஐ மட்டும் குறைத்தேன். தொப்பி அடி இப்போது விழுந்த இடத்தில் நிற்கிறது, அரைச்சாப்பு என்கிற அடி தனியாகக் காதில் விழுகிறது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பாஸை இன்னும் இறக்கிவிடுகிறேன். போன வாரம் கீழ் வீட்டு அம்மாவைப் படியில் பார்த்தேன், “இப்பல்லாம் பாட்டு போடறதில்லையா தம்பி?” என்று கேட்டார்.

எட்டுப் பேட்களும் பெட்டியோடு, ஸ்டிக்கரோடு, பெயர்ந்த தட்டோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்ட வேண்டும். வெள்ளி ஸ்டிக்கர், மேலே பித்தளைத் தட்டு, தட்டுக்கு அடியில் தேன்கூடு அச்சு, இந்த மாதிரி பேட் வேறு யாராவது வாங்கியிருந்தால் பசையைச் சுரண்டுவதற்கு முன் படம் எடுத்துவையுங்கள், எஸ்டிமேட் சீட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வழக்கு இன்னும் பலமாக இருக்கும்.