மல்லாவியிலிருந்து மாங்குளத்துக்கு மடியில் ஒரு பிரிண்டர்

பிரிண்டருக்கு நாலு நட்சத்திரம். அதை விற்ற கிளிநொச்சிக் கடைக்கு ஒன்று, அதுவும் பெட்டியை நன்றாகக் கட்டித் தந்ததற்காக. அதை வேலை செய்யவைத்த மாங்குளம் தம்பிக்கு நாலரை. அரையை ஏன் வெட்டினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மல்லாவிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகள் 22 பேர் இருந்து படிக்கிறார்கள். கிழமைக்கு ஒரு மாதிரி வினாத்தாள், எட்டுப் பக்கம். போட்டோக்கொப்பிக் கடையில் பக்கத்துக்கு 15 ரூபா. கணக்கு ரீச்சருக்கு அந்தப் பெருக்கலைச் செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை: ஒரு கிழமைக்கு 2,640 ரூபா. பிள்ளைகளிடம் அதைக் கேட்கவும் மனமில்லை. அதனால்தான் 52,500 ரூபா கொடுத்து ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்கினேன். எந்தக் கொம்பனி என்று எழுதப்போவதில்லை. நான் பட்ட பாட்டை எந்தக் கொம்பனிப் பிரிண்டரோடும் படலாம்.

கடைக்காரர், "செருகினால் வேலை செய்யும் மிஸ்" என்றார். செருகினேன். வேலை செய்யவில்லை.

பிரிண்டரின் பின்பக்கம் கேபிள் செருகும் ஓட்டையை மூடி ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். புதுச் சாமான்களில் ஒட்டுகிற ஏதோ ஒன்று என்று நினைத்து உரித்து எறிந்துவிட்டேன். அதில் எழுதியிருந்ததை வாசித்திருந்தால் நாலு நாள் மிஞ்சியிருக்கும். முதலில் ட்ரைவரைப் போடு, அது கேட்கும்போது மட்டும் கேபிளைச் செருகு என்பதுதான் அதில் இருந்த செய்தி. நான் தலைகீழாகச் செய்தேன். கம்பியூட்டருக்குத் தன்னோடு ஏதோ ஒன்று பொருத்தப்பட்டிருப்பது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. 'அன்ஸ்பெசிபைட்' என்று ஒரு பெட்டிப் படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

ட்ரைவர் என்றால் என்ன என்று என் அம்மா கேட்டபோது நான் சொன்ன விளக்கம் இது: கந்தோரிலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வருகிறது, வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கடிதத்திலும் பிழையில்லை, எங்களிலும் பிழையில்லை. வாசித்துச் சொல்கிற அந்த ஆள்தான் ட்ரைவர். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

சரி, ட்ரைவர் பெட்டிக்குள் சிடியில் இருந்தது. என் லப்டொப்பில் சிடி போடுகிற இடமே இல்லை. இப்போது வருகிறவற்றில் அநேகமாக ஒன்றிலும் இல்லை. அந்தச் சிடி எங்கள் பயிற்றங்காய்ப் பந்தலில் தொங்கிக் கிளி கலைக்கிறது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

அன்றிரவு இணையத்தில் தேடினேன். பிரிண்டரின் பெயரையும் இலக்கத்தையும் அடித்து, முதலில் வந்ததைத் தட்டினேன். அது பிரிண்டர் கொம்பனியின் பக்கமே இல்லை, மேலே வந்து நின்ற விளம்பரம். 'ட்ரைவர் எல்லாவற்றையும் புதுப்பித்துத் தருகிறோம்' என்று ஒன்றை இறக்கித் தந்தது. அது என் கம்பியூட்டரைத் தடவிப் பார்த்து 37 பிழை இருக்கிறதாம், காசு கட்டினால் திருத்துமாம் என்றது. இல்லாத வருத்தத்துக்கு மருந்து விற்கிற ஆட்கள். அதை அழித்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள்தான் உண்மையான சேதம். கொம்பனியின் சொந்தப் பக்கத்துக்கே போனேன். எங்கள் வீட்டில் கிணற்றடிக்குப் போனால்தான் 4ஜி ஒழுங்காக வரும், ஆகவே லப்டொப்பைத் துணி தோய்க்கிற கல்லில் வைத்துக்கொண்டு இறக்கினேன். முதல் இறக்கியது 32 பிட் விண்டோஸுக்கானது. என்னுடையது 64 பிட். போட விடவில்லை. (செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் எது என்று எழுதியிருக்கும். இறக்குவதற்கு முதலே பார்க்க வேண்டியதை நான் இறக்கி முடிந்த பிறகு பார்த்தேன்.) இரண்டாவது இறக்கியது 64 பிட்தான், ஆனால் இலக்கத்தில் கடைசி எழுத்து வேறு. அக்கா தங்கச்சி மொடல் போல, ஒத்துப்போகும் என்று நினைத்தேன். அது நல்ல பிள்ளையாக உள்ளே போய் இருந்துகொண்டது. பிரின்ட் கொடுத்தேன்.

தாள் வந்தது. தலைப்பில் ஒரு வரி, முழுக்கக் குறியீடு. மிச்சப் பக்கம் வெள்ளை. அடுத்த தாள், அதே மாதிரி ஒரு வரி. அடுத்தது. நான் வினாத்தாளைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். பாமினி இல்லாத கம்பியூட்டரில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகக் கிடக்குமே, அதுதான் என்று நினைத்து யூனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் முப்பது தாள் போய்விட்டது. எழுத்துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிழையான ட்ரைவர் பிரிண்டருக்கு விளங்காத பாஷையில் பேசியது, அதுவும் கேட்டதைக் கேட்டபடியே தாளில் கொட்டியது.

பிரிண்டரை நிற்பாட்டினேன். போட்டேன். திரும்பவும் கொட்டத் தொடங்கியது. அனுப்பிய வேலை பிரிண்டருக்குள் இல்லை, கம்பியூட்டரில் ஸ்பூல் என்கிற கோப்புறைக்குள் வரிசையில் நிற்கிறது, பிரிண்டர் எழும்பினதும் அதுவும் எழும்பும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வரிசையில் போய் அழித்தால் 'டிலீட்டிங்' என்று எழுதிக்கொண்டு அசையாமல் நின்றது. கடைசியில் தாள் தட்டை வெறுமையாக்கிவிட்டேன். அதுதான் அன்று நான் எடுத்த ஒரே புத்தியான முடிவு.

மூன்றாம் நாள் சரியான ட்ரைவரையும் போட்டேன். அப்போதும் அச்சு வரவில்லை! பட்டியலைப் பார்த்தால் ஒரே பிரிண்டர் மூன்று தரம் இருக்கிறது: வெறும் பெயர், கொப்பி 1, கொப்பி 2. எதற்குக் கொடுத்தாலும் 'ஓப்லைன்'. வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் பெறாமகன் போனில் "றீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ சின்னம்மா" என்றான். நாலு தரம் பண்ணினேன். வாங்கின கடைக்கு எடுத்தேன். "அது சொப்ட்வெயார் பிரச்சினை மிஸ், வாரண்டிக்குள்ள வராது." செருகினால் வேலை செய்யும் என்று சொன்ன அதே வாய். அந்த ஒரு நட்சத்திரத்தையும் திரும்ப எடுக்கலாமா என்று யோசித்தேன், பெட்டி நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

மாங்குளம் கடையைப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு ரீச்சர் சொன்னார். சந்தியிலிருந்து ஏ9 வீதியில் கொஞ்சம் நடக்க வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் பழைய கம்பியூட்டர்ப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். போனில் கேட்டேன். "லப்டொப்பையும் கொண்டு வாங்கோ, பிரிண்டரையும் கொண்டு வாங்கோ ரீச்சர். ஒன்றை மட்டும் வைச்சுக்கொண்டு நான் சொன்னா அது சாத்திரம்" என்றார். பிடித்துவிட்டது.

பழைய பெட்ஷீற்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கொண்டக்டர் கோழியா என்று கேட்டார். லேசர் பிரிண்டரைச் சரிக்கக்கூடாது, டோனர் தூள் உள்ளே கொட்டும் என்று பயந்து, குழிகளில் எல்லாம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். உண்மையில் டோனர்க் காட்ரிட்ஜைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் முறையாம். போன பிறகு அறிந்தேன்.

தம்பி முதலில் செய்த வேலை எனக்குப் பிடித்தது. கேபிளைத் தொடவில்லை, லப்டொப்பைத் திறக்கவில்லை. பிரிண்டருக்கு மின்சாரம் மட்டும் கொடுத்து, மேலே இருந்த பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். தன் விபரங்களைத் தானே ஒரு தாளில் அச்சடித்துத் தந்தது, எழுத்து கண்ணில் ஒற்றலாம் போல. "பாருங்கோ, இவர் சுகமா இருக்கிறார். வருத்தம் அவருக்கு" என்று லப்டொப்பைக் காட்டினார். மூன்று நாளாக நான் எந்தப் பக்கம் பிழை என்றே தெரியாமல் அலைந்ததை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். எந்த வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். எந்தப் பொத்தான் என்பது மொடலுக்கு மொடல் மாறும், கையேட்டில் இருக்கும்.

பிறகு லப்டொப். தான் செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார், நான் கொப்பியில் எழுதினேன். சேர்விசஸ் என்கிற இடத்துக்குப் போய், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புகிற 'பிரின்ட் ஸ்பூலர்' என்பதை நிற்பாட்டினார். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போனார். என் முப்பது தாளையும் தின்ற வேலை அங்கே குந்தியிருந்தது. அதை அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்பப் போட்டார். 'டிலீட்டிங்' ஒழிந்தது. கோப்புறைக்குள் இருப்பதைத்தான் அழிக்க வேண்டும், கோப்புறையை அல்ல என்று இரண்டு தரம் சொன்னார்.

அடுத்தது நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டாத இடம். நானும் வீட்டில் பிரிண்டரை 'றிமூவ்' பண்ணித்தான் பார்த்தேன் என்றேன். "பிரிண்டரை எடுத்தாலும் ட்ரைவர் உள்ளுக்க கிடக்கும் ரீச்சர். பாலை மரத்தைத் தறிச்சாப்போல வேர் போகுமோ?" பட்டியலில் இருந்த மூன்றையும் எடுத்தார். அப்புறம் 'பிரின்ட் சேர்வர் ப்ரொப்பட்டீஸ்' என்பதைத் திறந்து, அதில் ட்ரைவர்ஸ் பக்கத்தில் என் அக்காவையும் தங்கச்சியையும் காட்டினார், இரண்டும் இருந்தன. எடுக்கும்போது ட்ரைவரை மட்டுமா, பக்கேஜையும் சேர்த்தா என்று அது கேட்கிறது. சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை கேபிளைச் செருகினதும் விண்டோஸ் அதே பிழையான ட்ரைவரைத் தன் களஞ்சியத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடக்கூடும்.

லப்டொப்பை நிற்பாட்டிப் போட்டு, சரியான ட்ரைவரை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினார். 'இப்போது பிரிண்டரைப் பொருத்தவும்' என்று திரையில் வந்தது. கேபிளை என் கையில் தந்து, "நீங்களே செருகுங்கோ" என்றார். செருகினேன். சோதனைப் பக்கம் வந்தது. இருபது நிமிடம்.

கொப்பி 1, கொப்பி 2 எங்கிருந்து வந்தன என்றும் கேட்டேன். நான் லப்டொப்பின் இடதுபக்க ஓட்டை வேலை செய்யவில்லை என்று நினைத்து வலதுபக்கத்திலும் கேபிளைச் செருகிப் பார்த்திருந்தேன். சில பிரிண்டர்களுக்கு ஓட்டை மாறினால் விண்டோஸ் அதைப் புது ஆள் என்று எடுத்துக்கொள்ளுமாம். பழைய ஓட்டையில் இருந்த ஆள் 'ஓப்லைன்' ஆகிவிடுவார். நான் அவருக்கே கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது இடதுபக்க ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். டிபோல்ட் பிரிண்டரை, அதாவது நாங்கள் வேறு சொல்லாவிட்டால் வேலை போகிற பிரிண்டரை, விண்டோஸ் தானாகவே தெரிவுசெய்கிற வசதியையும் அவர் நிற்பாட்டிவிட்டார்.

ட்ரைவரை ஒரு பென் ட்ரைவில் போட்டு வைக்கச் சொன்னார். முந்தி விண்டோஸ் அப்டேட்டே பல பிரிண்டர்களுக்கு ட்ரைவர் தேடித் தரும். பிரிண்டர்க் கொம்பனிகளின் ட்ரைவர்களை அந்த வழியில் கொடுப்பதைப் படிப்படியாக நிற்பாட்டப்போவதாக மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்துவிட்டது. கொம்பனியின் பக்கத்திலிருந்து நாங்களே எடுத்துப் போடலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் கிணற்றடியில் நின்று இரண்டாம் தரம் இறக்க நான் தயாரில்லை. பென் ட்ரைவை நீட்டினேன். அவர் முதலில் அதைச் சோதித்தார். பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டரிலிருந்து ஷோர்ட்கட் வைரஸைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதையும் துடைத்துவிட்டார், அதற்குக் காசு எடுக்கவில்லை. மொத்தம் 800 ரூபா.

பிரிண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்குத்தானே 52,500. இரண்டு மாதமாக ஓடுகிறது. ஒன்பது அளவு எழுத்தில்கூடப் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகத் தெரிகின்றன, பின்ன எண்களில் கோடு உடையவில்லை. சூடாகும்போது கரண்டை இழுக்கிறது, வீட்டு மின்குமிழ் ஒருதரம் கண் சிமிட்டும். அதனால் யூபிஎஸ்ஸில் செருகக்கூடாது, நேரே சுவரில்தான். மாரி தொடங்கிய பிறகு தாள் ஈரம் உறிஞ்சி இரண்டு தரம் சிக்கியது. இப்போது தாளை அரிசி வாளிக்குள் மூடி வைக்கிறேன். தாளின் இரண்டு பக்கமும் தானாக அடிக்காது, நின்று பிரட்டிப் போட வேண்டும். வெட்டிய நட்சத்திரம் அதற்கு.

தம்பிக்கு வெட்டிய அரை இதற்கு: ஒன்பது மணிக்குத் திறப்பதாகச் சொல்லிவிட்டுப் பத்தரைக்குத்தான் வந்தார். பற்றுச்சீட்டும் தரவில்லை, கேட்டால் சிரிக்கிறார். இருக்கக் கதிரை ஒன்றுதான், அதில் பழுதான மொனிட்டர் இருக்கிறது.

போகிறவர்கள் பிரிண்டரின் பவர் வயரை மறக்காமல் கொண்டு போங்கள். நான் மறந்துவிட்டேன். அவர் கடைக் கம்பியூட்டரின் வயரைப் பிடுங்கித்தான் என்னுடையதற்குப் போட்டார். அந்தக் கம்பியூட்டரில் யாரோ ஒருவருடைய வேலை விண்ணப்பம் பாதி அடித்தபடி நின்றது. சேமித்தாரா என்று நான் கேட்கவில்லை.