ஒரு சபையின் எச்.ஐ.வி. ஆதரவுக் குழு: ஒன்றரை வருடம் போய்வந்த அனுபவம்

தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், எழுதியதை அவன் படித்தும் பார்த்துவிட்டான். ஒரு சபை நடத்தும் ஆதரவுக் குழுவுக்கு ஒன்றரை வருடமாக இரண்டு பேரும் போய்வருகிறோம். இப்படி ஒரு குழுவில் சேரலாமா என்று தயங்குபவர்களுக்கும், தங்கள் சபையில் ஒன்று தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். இதற்கு முன் நாங்கள் இருந்த சபையில் தம்பி போதகரிடம் தனியாகத்தான் விஷயத்தைச் சொன்னான். அடுத்த ஞாயிறு அவன் பெயர் ஜெபக் குறிப்பில் வந்துவிட்டது. நோயின் பெயர் வரவில்லை, "ரத்தத்தில் உள்ள வியாதி" என்று மட்டும் வந்தது, யாருக்குத்தான் புரியாது? திருவிருந்து வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்க ஆட்கள் தயங்கினார்கள். ஒரே பாத்திரத்தில் குடிப்பதால் எச்.ஐ.வி. பரவாது என்று ஒருவர்கூட எழுந்து சொல்லவில்லை. அப்புறம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், உனக்குக் குணமாகிவிட்டது, விசுவாசம் இருந்தால் மாத்திரையை விடு என்றார்கள். அவனும் விட்டான். சில மாதங்களில் காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் ரத்தத்தில் மறுபடி பெருகும் என்பதும், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் அதிகம் பேர் இறப்பது காசநோயால்தான் என்பதும் அந்த வார்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால் இந்தக் குழுவுக்கு முதல் நாள் போகும்போது இரண்டே விஷயத்தைத்தான் கவனித்தேன். சொன்னது வெளியே போகுமா? மாத்திரையைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

ரகசியத்தில் இவர்கள் கெட்டி. வருகைப் பதிவேடு கிடையாது. உண்மைப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குழுவை நடத்துவது போதகர் இல்லை, ஆலோசகர் பயிற்சி பெற்ற ஓர் அம்மா. குழு கூப்பிட்டால் மட்டும்தான் பாஸ்டர் உள்ளே வருவார். ஜெபத்துக்காகக்கூட ஒருவருடைய நிலையை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பதை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ஒரு தன்னார்வலர் இதை மீறி வீட்டில் வாய்விட்டுவிட்டார். அடுத்த கூட்டத்திலேயே அந்த அம்மா நடந்ததை எங்கள் எல்லோரிடமும் ஒளிக்காமல் சொன்னார், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்டார், அந்தத் தன்னார்வலரை நிறுத்திவிட்டார். நான் இவர்களை நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மாத்திரை விஷயம் இன்னும் நல்லபடி. குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். புதிதாக யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மாத்திரை எத்தனை நாளைக்குக் கையில் இருக்கு?" ஜெபமும் நிறைய உண்டு, மனசாரச் செய்கிறார்கள், மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படுபவரோடு ஒருவர் கூடப் போவார்.

மருந்தை ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அது மற்றவருக்குத் தொற்றாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து, வைரஸ் மருந்தால் அடங்கியிருந்த ஜோடிகளைப் பல ஆண்டுகள் கவனித்த பார்ட்னர் ஆய்வில், ஆணுறை இல்லாத உறவிலும் துணைவரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அதேபோல, சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. கல்யாணத்துக்கு முன் ஆலோசனை கொடுக்கும் ஒவ்வொரு போதகருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இங்கே இருப்பவருக்குத் தெரியும். தம்பி கல்யாணத்தைப் பற்றித் திரும்பப் பேச ஆரம்பித்தது அவரிடம்தான்.

வருடத்துக்கு ஒருமுறை முழு சபைக்கும் அரை நாள் வகுப்பு நடக்கிறது. அதில் கிடியோன் பியாமுகிஷாவைப் பற்றிச் சொன்னார்கள். உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குருவானவர், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1992-லேயே வெளிப்படையாக அறிவித்தவர். ஒரு குருவானவர் அப்படிச் சொல்ல அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! "விலகியிரு, உண்மையாயிரு, இல்லாவிட்டால் ஆணுறை" என்ற பழைய பாடத்தில் ஒரு சிக்கல் உண்டு, தொற்று வந்தவர் எல்லாம் ஒழுக்கம் தவறியவர் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. கணவனுக்கு உண்மையாக இருந்தும் தொற்று வந்த இரண்டு பெண்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் மதத் தலைவர்களுக்காகப் பியாமுகிஷா தொடங்கிய வலையமைப்பு அதற்குப் பதிலாகப் பாதுகாப்பான பழக்கங்கள், மருந்து, தானாக முன்வரும் பரிசோதனை, சரியான அறிவால் வலுப்பெறுவது என்று பாடத்தை மாற்றி அமைத்தது. பிறவிக்குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதையும் அந்தக் கேள்வியையே இயேசு தள்ளிவிட்டதையும் வைத்து பாஸ்டர் பேசினார். பக்கத்தில் இருந்த தம்பி அழுதுவிட்டான்.

குறைகளும் இருக்கின்றன. கூட்டம் எப்போதும் அதே கிழமை, அதே நேரம், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த அதே கதவு. பாட்டுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் படுகிறோம். உள்ளே அவ்வளவு ரகசியம் காத்து என்ன பயன்? நாளையும் அறையையும் மாற்றுவது பெரிய வேலையும் இல்லை. அடுத்தது, மருந்து எடுத்துத் தேறியவர்களை ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்லி அன்பாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் இவ்வளவு உதவி செய்தவர்களிடம் மறுப்பது சுலபமா என்ன. தம்பி மூன்று முறை மறுத்தான்.

வாலிபர் கூட்டத்தில் ஆணுறை என்ற வார்த்தையே வருவதில்லை. ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்குச் சொல்லும் உண்மையைப் பிள்ளைகளுக்கு மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு ரொம்ப வலித்தது இன்னொன்று. ஒரு திருநங்கை இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை ஒரு தன்னார்வலர் அவரிடம் உடையைப் பற்றி அறிவுரை சொன்னார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை, யாரும் தேடிப் போகவும் இல்லை, நானும் போகவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மாத்திரையும் துணையும் தேவைப்படுபவர்கள் தயங்காமல் போகலாம். முதல் நாள் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். குறைகளை அந்த அம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டேன், எழுதி வாங்கிக்கொண்டார். வாலிபர் வகுப்புக்கு நர்ஸ் அம்மாவை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் திருநங்கையைப் போய்ப் பார்க்க இந்த வாரம் நானும் தம்பியும் போகிறோம்.