மண்ணடி மாடியில் ஒரு பண்டாரியின் மெஸ்

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, மண்ணடியின் குறுக்குத் தெரு ஒன்றில், இரும்புச் சாமான் கிடங்கின் மாடியில் மதியம் மட்டும் நடக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருமுனையில் விசாரித்தால், "கப்பல்காரர் மெஸ்ஸா?" என்று திருப்பிக் கேட்டு மாடிப்படியைக் காட்டுவார்கள். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால், கப்பலில் நாங்கள் அழைத்தபடியே அவரைப் பண்டாரி என்றே சொல்கிறேன். பண்டாரி என்றால் கப்பல் பணியாளர்களுக்குச் சமைப்பவர். பயணிகளுக்குச் சமைப்பவர் வேறு ஆள். அவருடைய அடுப்பும் வேறு, சாமான் கணக்கும் வேறு. பயணிகள் கப்பலின் சாப்பாட்டைப் பற்றிப் பேச இன்னும் சில ஆயிரம் பேர் தமிழ்நாட்டில் இருக்கக்கூடும். ஆனால் அந்தக் கப்பலை ஓட்டியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அந்தச் சாப்பாடு எனக்குத் தெரிந்து இன்று கிடைக்கும் ஒரே இடம் இந்த மாடிதான்.

நானும் அந்த அடுப்பில் சாப்பிட்டவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. 1978 முதல் நான்கு ஆண்டுகள், ஒப்பந்தம் கிடைத்தபோதெல்லாம், சிதம்பரம் கப்பலில் பயணிகளுக்குப் பரிமாறும் வேலை பார்த்தேன். இருநூறு முந்நூறு பேருக்கு இலையும் தட்டும் போட்டு எடுத்து முடித்து, கால் ஓய்ந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது, பண்டாரி எங்களுக்காக மூடி வைத்திருந்த சோறுதான் அன்றைய நாளின் முதல் நிம்மதி. சிதம்பரம் நம் நாட்டில் கட்டப்பட்ட கப்பலன்று. 1966இல் பிரான்ஸின் டன்கர்க் நகரில் பஸ்தேர் என்ற பெயரில் உருவாகித் தென்னமெரிக்காவுக்கு ஓடிய கப்பலை, 1972இல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கிப் பெயர் மாற்றிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் விட்டது. அதே தடத்தில் அதற்கு முன்பு ஓடிய ராஜுலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. நாகப்பட்டினத்துக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, படகுகளில் வந்து சேர்ந்தவர்களை ஏற்றிக்கொண்டு, ஆயிரக்கணக்கானவர்களைத் தளத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்துப் பினாங்குக்குக் கொண்டுபோன கப்பல் அது. என் தாத்தா ராஜுலாவில் பயணியாகப் போனார். நான் சிதம்பரத்தில் பணியாளாகப் போனேன்.

இனி மெஸ்ஸுக்கு வருவோம். படியேறியதும் கண்ணில் படுவது நீளமான ஒரே மேசை. இரு பக்கமும் பெஞ்சுகள். இருபத்திரண்டு பேர் உட்காரலாம். மேசையின் நான்கு ஓரத்திலும் விரற்கடை உயரத்துக்குத் தேக்குச் சட்டம் அடித்திருக்கிறது. கப்பல் புரளும்போது தட்டும் குவளையும் வழுக்கிக் கீழே விழாமல் தடுக்கும் சட்டம் அது. கப்பலின் அடுப்பைச் சுற்றியும் இதைப் போலவே இரும்புக் கம்பி இருக்கும். பரிமாறுவதற்கு முன்னால் பண்டாரியின் மருமகள் மேசை விரிப்பின் மீது தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, அதன் மேல்தான் தட்டை வைக்கிறார். ஈரத் துணியில் தட்டு நகராது என்பது கடலில் கற்ற பாடம். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவைக் கடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்தப் பெண் கடல் பயணம் எதுவும் போனதில்லை. மாமனார் செய்வதைப் பார்த்து, சாப்பாடு போடுவதென்றால் இப்படித்தான் என்று அவரும் செய்கிறார். முதல் நாள் அந்த ஈரத் துணியில் தட்டு வந்து அமர்ந்த சத்தத்தைக் கேட்டபோது, எதிரே இருந்த, கப்பலின் சுக்கான் பிடித்து ஓய்வுபெற்ற சுக்கானி ஒருவர் சற்று நேரம் சோற்றில் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

இந்த மெஸ்ஸின் சமையல் முறையைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பண்டாரி அதை எங்கும் எழுதி ஒட்டவில்லை, கேட்டாலும் விளக்குவதில்லை. திங்கட்கிழமை போனால் முருங்கைக்காய் சாம்பாரும் முளைக்கீரை மசியலும் பிஞ்சுக் கத்தரிக்காயும் கிடைக்கும். செவ்வாயன்று கீரை இருக்காது. மீன் குழம்பும் வெண்டைக்காயும் இருக்கும். புதன்கிழமை உருளைக்கிழங்கும் பறங்கிக்காயும் மட்டுந்தான். வியாழக்கிழமை காய் என்பதே இல்லை; பருப்பு, கருவாட்டுத் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய், சுட்ட அப்பளம். சனிக்கிழமை வந்ததும் தட்டு மறுபடியும் பச்சையாகிவிடுகிறது. ஆனால் அது மலாய்ப் பச்சை: காங்கோங் கீரை, பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்த்த சம்பல், புளியிட்ட மீன். சென்னையில் ஏற்றிய காய்கறி ஒவ்வொன்றாகத் தீர்ந்து, கடைசியில் கருவாடும் பருப்புமாக நின்று, பினாங்கு வந்ததும் புதுச் சரக்கு ஏறும் அந்தப் பழைய பயணத்தின் வரிசை இது. வாரந்தோறும் இந்த மனிதர் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பினாங்குக்குப் போய்ச் சேர்கிறார். இதைக் கண்டுகொண்டு அவரிடம் சொன்னபோது, "வேற எப்படித் தம்பி சமைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வியாழக்கிழமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். காய்கறி தீர்ந்த நாளில்தான் ஒரு சமையற்காரரின் கை தெரியும். நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசித் தலை கிள்ளி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் நெடுநேரம் வதக்கி, தக்காளி சேர்க்காமல் புளிக்கரைசலிலேயே சுண்ட வைக்கிறார். உப்பு கூடவில்லை, கருவாட்டின் வாடை மூக்கில் ஏறாமல் நாக்கில் மட்டும் நிற்கிறது. பருப்பைக் கடையாமல் மலர வேக வைத்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டுகிறார். கப்பலில் நீராவியிலும் டீசலிலும் வேலை செய்துவிட்டுச் சாப்பிட வரும் இயந்திர அறைக்காரர்களுக்கு வாயில் ருசியே இருக்காது என்பதால் மிளகாய் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இன்றும் அந்தக் கணக்கை அவர் மாற்றவில்லை. காரம் ஆகாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சனிக்கிழமைச் சம்பல் பெலாச்சானைப் பொறுத்தது. பினாங்கிலிருந்து யாராவது கட்டி கொண்டுவந்து தந்தால் அதைச் சுட்டு இடித்துச் செய்கிறார். இல்லாத வாரங்களில், பக்கத்திலேயே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் பர்மியத் தமிழர்களிடம், மீனையோ இறாலையோ புளிக்கவைத்துச் செய்யும் ஙாப்பி விழுதை வாங்கிச் சமாளிக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. ஙாப்பிச் சம்பலில் ஈரமும் புளிப்பும் அதிகம்; சுட்ட பெலாச்சானின் கருகல் மணம் அதில் வராது. எது இருக்கிறது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அவர் உண்மையைச் சொல்வார்.

தட்டில் வரும் எல்லாவற்றையும்விட நான் மேலாக மதிப்பது கஞ்சியைத்தான். இது விலைப்பட்டியலில் கடைசியாக இருக்கிறது, ஐம்பது ரூபாய். குருணை அரிசியும் வெந்தயமும் பூண்டும் சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சி, அதனோடு சுட்ட தேங்காய்த் துவையல் ஓர் உருண்டை. இது பிறந்த கதையை நான் அருகிலிருந்து பார்த்தவன். மகனைப் பார்க்கப் பினாங்குக்குப் போன ஒரு மூதாட்டி, கப்பல் ஏறிய முதல் நாள் முதல் குமட்டல் தாளாமல் எதையும் உண்ணவில்லை. பயணிகள் கூடத்தில் வைத்த தட்டு இரண்டு நாளும் அப்படியே திரும்பி வந்தது. பணியாளர் அடுப்பிலிருந்து பயணிகள் பக்கம் எதுவும் போகக்கூடாது என்பது விதி. மூன்றாம் நாள் காலை பண்டாரி ஒரு தூக்குவாளியை என் கையில் கொடுத்து, "பாட்டியோட பாய்ப் பக்கத்துல வச்சிட்டு வா, யாரு கொடுத்தான்னு சொல்லாத" என்றார். வைத்துவிட்டு வந்தேன். மதியம் தூக்குவாளியை எடுக்கப் போனபோது அது கழுவித் துடைத்து, உள்ளே ஒரு வெற்றிலைக் கட்டோடு இருந்தது. அன்று முதல் கடல் கொந்தளிக்கும் பயணங்களில் எல்லாம் அவர் ஒரு சட்டி கூடுதலாக வைத்தார். கப்பல் ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு பார்த்தும் பாராதவர்போல இருந்தார். இந்தக் கதையைப் பண்டாரி யாருக்கும் சொல்வதில்லை. ஆகவேதான் நான் எழுதுகிறேன்.

மெஸ்ஸுக்கு வருபவர்களில் பாதிப்பேர் கிடங்குத் தொழிலாளர்கள். மீதிப்பேரில் பழைய கப்பல்காரர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு நாளன்று, ஏழெட்டுப் பேராவது வந்துவிடுகிறார்கள். அந்தமான் கப்பல்களில் இருந்தவர்கள், பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற அக்பர் கப்பலில் இருந்தவர் ஒருவர், ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய ராமானுஜம் படகுக் கப்பலில் இருந்தவர் ஒருவர். அவர்களுடைய பேச்சுக்காகவே தனியாக ஒரு நாள் போகலாம். சரக்குக் கப்பல் நினைவுகள் ஊர்களைப் பற்றியவை. பயணிகள் கப்பல் நினைவுகள் முகங்களைப் பற்றியவை. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று கடிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்நாளில் சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் இருந்தது. 1982 பிறந்ததும் அது இரண்டரை மணியாயிற்று. கிழக்கே போகும்போது இரவில் அரை மணி அரை மணியாகக் கப்பலின் கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள். பயணிகளுக்கு அது ஒரு வேடிக்கை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியவர்களுக்கு அது அந்த இரவின் தூக்கத்தில் அரை மணி நேரம். திரும்பும் பயணத்தில் அந்த அரை மணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைக்கும். அவற்றைக் கடன் வசூலிப்பதுபோல எண்ணிக்கொண்டு படுத்ததாகப் பண்டாரி சொன்னார். அந்த மேசையில் கேட்ட பேச்சுகளில் என் மனத்தில் ஆழப் பதிந்தது இதுதான்.

சுவரில் ஒரே ஒரு படம் மாட்டியிருக்கிறது, பெரிதாக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம், துறைமுகத்தில் சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்ட பிறகு அந்தக் கப்பல் மறுபடியும் பயணிகளை ஏற்றவில்லை, பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அந்தப் பயணத்தில் நான் இல்லை. பண்டாரியும் விடுப்பில் இருந்தார். பிப்ரவரியில் ஒரு நாள் மெஸ் மூடியிருக்கும். அன்று வந்து படியேறி ஏமாந்தவர்கள் காரணம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாடிப்படி மிகச் செங்குத்தானது. பிடிமானக் கயிறு கட்டியிருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர்கள் துணையில்லாமல் ஏற முடியாது. வருபவர்களில் பலர் எழுபதைக் கடந்தவர்கள் என்பதால், கீழேயே ஒரு பெஞ்சு போட்டுப் பரிமாற வழி செய்ய வேண்டும் என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மீன் வறுவல் இரண்டு முறை காய்ந்துபோய் வந்தது. முன்னதாகவே பொரித்து அடுக்கி வைப்பதால் வரும் கேடு அது. குழம்பில் கிடக்கும் மீனையே கேட்டு வாங்குவது மேல். ஞாயிறன்று கறி கேட்பவர்களுக்கெல்லாம் போதுமான அளவு இருப்பதில்லை. தொலைவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வெறுங்குழம்போடு சாப்பிட்டுப் போனதைப் பார்த்து வருந்தினேன். கைகழுவும் இடத்தில் ஒரே குழாய்தான்.

விலை நியாயமாகவே இருக்கிறது. காய்கறிச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய், மீன் சாப்பாடு நூற்று நாற்பது, ஞாயிறு கறிச் சாப்பாடு நூற்று எண்பது. சோறும் பருப்பும் கேட்கும்வரை போடுகிறார்கள். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கருவாட்டுத் தொக்கு அதற்கும் முன்னால் தீரும். கஞ்சி வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்று சொல்லி வாளி கொண்டுபோனால், அதற்கு அவர் காசு வாங்குவதில்லை. ஆனால் வாளியை மறுநாள் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.