பையிலா, பாத்ரூமுக்கா? வயிற்று டயாலிசிஸில் வடியும் தண்ணீரை எங்கே விடுவது

அம்மாவுக்கு வயிற்று டயாலிசிஸ் தொடங்கி இது நான்காவது வருடம். சிறுநீரகம் செய்ய முடியாத வேலைக்காக, வயிற்றில் பொருத்திய கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்து, கழிவோடு வெளியே வடிப்பதுதான் இது. தண்ணீரை உள்ளே விடுவதை மருத்துவமனையிலேயே நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே எடுப்பதில் உள்ள சங்கதிகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. கையால் மாற்றுவது, ராத்திரி தூங்கும்போது தானாகவே மாற்றும் மிஷினோடு பை வைப்பது, மிஷினிலிருந்து பாத்ரூமுக்குக் குழாய் இழுப்பது என்று மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம்.

கை முறையில் தினம் 4 தடவை, தடவைக்கு 2 லிட்டர். காலிப் பையைத் தரையில் வைத்தால் பழைய தண்ணீர் 15, 20 நிமிடத்தில் தானாக இறங்கிவிடும். கரண்ட் தேவையில்லை, அலாரம் கிடையாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் இந்த முறைக்கான பைகளைத்தான். இதன் பெரிய பலம், ஒவ்வொரு முறை வடிந்ததும் தனித்தனியாகக் கண்முன்னே இருப்பது. தொங்கு தராசில் மாட்டினால் எவ்வளவு நீர் கூடுதலாக வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். (புதுப் பையில் 2 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். அதையும் முதலில் எடை போட்டால்தான் கணக்கு சரியாக வரும்.) அப்புறம் பையைத் தினசரி பேப்பர் மேல் வைத்துப் பார்ப்போம். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நிம்மதி. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தால் தொற்றாக இருக்கலாம். கொட்டிவிடாமல் அந்தப் பையோடு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிஷின் வந்ததும் பகல் முழுக்க அம்மாவுக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்காகவே அது வேண்டும் என்பேன். ஆனால் ராத்திரி 5 சுற்று ஓடினால் 10 லிட்டர். பகலில் வயிற்றில் இருந்ததும் உடம்பிலிருந்து கழிந்த நீரும் சேர்ந்தால் காலையில் 12, 13 கிலோ எடையில் ஒரு பை கட்டிலடியில் கிடக்கும். ஹெர்னியா (குடலிறக்கம்) பயம் இருப்பதால் அம்மா அதைத் தொடவே கூடாது. நான்தான் தூக்க வேண்டும். பை ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சரியும். எங்கள் பாத்ரூம் வாசலில் ஒரு படி வேறு. ஒருநாள் கிளாம்பைச் சரியாக மூடாமல் தூக்கிவிட்டேன். வடிந்த தண்ணீரிலும் சர்க்கரை மிச்சம் இருக்கும். ஒரு தடவை துடைத்தும் தரை பிசுபிசுத்தது, காபி குடித்துவிட்டு வருவதற்குள் கட்டில் காலிலிருந்து வாசல் வரை எறும்பு வரிசை.

அதற்குப் பிறகுதான் குழாய்க்கு மாறினோம். நீட்டிப்புக் குழாயை மாட்டிச் சுவரோரமாகக் கொண்டுபோய் கம்மோடில் விட்டுவிட்டால் தூக்கும் வேலையே இல்லை. இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கையேட்டில் சொன்ன நீளத்துக்கு மேல் குழாயை நீட்டக் கூடாது. நீட்டினால் வடிவது மெதுவாகி நடுராத்திரியில் அலாரம் அடிக்கும். கதவிடுக்கில் நசுங்கினாலும் அதே கதைதான். குழாயின் முனை கம்மோடு தண்ணீரைத் தொடவே கூடாது. நடுவில் காற்று இடைவெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி ஏற வழியாகிவிடும். ஒரு கிளிப் போட்டு விளிம்போடு இறுக்கி வைத்திருக்கிறோம்.

குழாயில் ஒரே பெரிய இழப்பு, தண்ணீரைப் பார்க்க முடியாது என்பது. அளவை மிஷினே காட்டிவிடும், கலங்கல் அதற்குத் தெரியாது. கலங்கினால் எடுத்துக்கொண்டு போகவும் கையில் எதுவும் இருக்காது. அதனால் சாயங்காலம் மிஷின் போட்டதும் முதலில் வடிவதை மட்டும் சுத்தமான கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பார்க்கிறோம். பகலெல்லாம் வயிற்றில் தங்கிய தண்ணீர் அது, கலங்கல் இருந்தால் அதில்தான் நன்றாகத் தெரியும். ராத்திரிப் பையில் எல்லாச் சுற்றும் கலந்து நீர்த்துவிடுவதால் பை வைத்திருப்பவர்களும் முதல் தண்ணீரைத் தனியாகப் பார்ப்பதே நல்லது. பார்த்த பிறகு மீதியெல்லாம் பாத்ரூமுக்கு. தூக்க ஆளில்லாத வீட்டுக்கு நான் குழாயைத்தான் சொல்வேன். பாத்ரூம் தூரமாக இருந்தால், அல்லது தினமும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், பைதான் பத்திரம்.

இன்னொரு தேர்வும் இருக்கிறது, அதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஒவ்வொரு சுற்றிலும் முழுக்க வடிப்பதா, கொஞ்சம் உள்ளேயே விட்டுவைப்பதா என்பது. அம்மாவுக்கு வடியும்போது கடைசி இரண்டு நிமிடம் உயிர் போகும். "அடிவயித்துல சுண்டி இழுக்குதுப்பா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வயிறு காலியாகும்போது கதீட்டர் முனை வயிற்றின் உள்சவ்வில் உரசுவதால் வரும் வலி அது. கொஞ்சம் விட்டுவைக்கும் அந்த டைடல் முறைக்கு மாற்றி, ஒவ்வொரு முறையும் கால் பங்குக்குக் குறைவாக உள்ளே நிற்கும்படி செய்தார்கள். வலி நின்றது, அலாரமும் குறைந்தது. ஆனால் கழியும் நீரின் அளவை மிஷினில் சரியாகக் கொடுக்காவிட்டால் தண்ணீர் உள்ளே சேர்ந்துகொண்டே போய் வயிறு உப்பி மூச்சு முட்டும். வலி இல்லாதவர்களுக்கு முழு வடிப்பே போதும்.

எந்த முறையானாலும் வடிவது திடீரென்று குறைந்தால் நான் முதலில் குழாய் மடிப்பையும் கிளாம்பையும் பார்ப்பேன். அப்புறம் அம்மாவிடம் "ரெண்டு நாளா வெளிக்குப் போனியாம்மா?" என்று கேட்பேன். மலச்சிக்கல் இருந்தால் குடல் அழுத்தி கதீட்டரை அடைத்துவிடும், இடத்தை விட்டு நகர்த்தவும் செய்யும். லாக்டுலோஸ் மாதிரி டாக்டர் எழுதியதைத்தான் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மெக்னீசியம் கலந்த பேதி மருந்து சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாது. தண்ணீரில் வெள்ளை நூல் மாதிரி மிதந்தால் அது ஃபைப்ரின் என்ற புரத இழை. குழாயை அடைக்கக்கூடியது, உடனே நர்ஸிடம் சொல்லிவிடுவோம், பையில் ஹெப்பரின் என்ற உறைதலைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கச் சொல்வார்கள்.

கல்யாணம் காட்சி என்று வெளியூர் போனால் மிஷினை வீட்டில் வைத்துவிட்டுக் கைப் பைகளை எடுத்துக்கொள்கிறோம். கூடவே தராசு, ஒரு எஸ் கொக்கி, பழைய பேப்பர் ஒன்று.