போக்கிமொன் பக்கெற்றா, டெக்கா? ஒன்பது வயது மகனோடு வாங்கிப் பார்த்தது

போன மார்கழியில் ரொறன்ரோவில் இருந்து வந்த தங்கச்சி என் மகனுக்கு ஆறு போக்கிமொன் பக்கெற்றுகள் கொண்டுவந்தாள், கற்பனை உயிர்களின் படம் போட்ட விளையாட்டுக் கார்ட்டுகள் உள்ள சின்ன உறைகள். தான் பாவித்த பழைய டெப் ஒன்றையும், அதே கார்ட்டுகளைத் திரையில் விளையாடும் போக்கிமொன் டிசிஜி லைவ் என்ற விளையாட்டை அதில் இறக்கி, கையோடு தந்துவிட்டுப் போனாள். எட்டு மாதமாகிறது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இந்தக் கார்ட்டுகளைப் பற்றிக் கதைக்காத நாள் குறைவு. பக்கெற் வாங்கினோம், போலியில் மாட்டினோம், கடைசியில் முழு டெக் ஒன்று, அதாவது உடனே விளையாடக்கூடிய கார்ட் கட்டு ஒன்று, வாங்கினோம். காசைக் கொடுக்க முதல் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பக்கெற் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: 2023இல் தொடங்கிய ஸ்கார்லெட் அண்ட் வயலட் வரிசையில் ஒரு பக்கெற்றுக்குள் பத்துக் கார்ட், அதோடு ஒரு சக்திக் கார்ட், இன்னொரு கோட் கார்ட் இருக்கும். எந்தக் கார்ட் வரும் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. கோட் கார்ட்டில் எழுத்தும் இலக்கமும் கலந்து 13 இருக்கும், பக்கத்தில் கியூஆர் சதுரம். அதை டெப்பில் பதிந்தால் அங்கேயும் ஒரு பக்கெற் கிடைக்கும். ஆனால் கையில் வந்த அதே பத்துக் கார்ட் திரையில் வராது, வேறு பத்து வரும். அதாவது ஒரு பக்கெற்றுக்குக் காசு கொடுத்தால் பிள்ளை இரண்டு தரம் பிரிக்கிறான், இரண்டு தரம் ஏங்குகிறான். இது எனக்கு விளங்கவே இரண்டு மாதம் எடுத்தது.

அவன் பிரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மேல் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்லக் கிழிப்பான். கார்ட்டுகளை வெளியே எடுத்ததும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணப்பான். பிறகு உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளுவான். மினுங்கும் கார்ட்டின் ஓரம் தெரிந்ததும் மூச்சை அடக்குவான். கடைசிக் கார்ட்டைப் பார்த்து முடிந்ததும் முகத்தில் ஒரு வெறுமை வரும். நல்ல கார்ட் வந்த நாளிலும் அது வந்தது. "அம்மா, அடுத்தது எப்ப?" என்று கேட்பான். கார்ட்டுகள் கதிரையில் கிடக்கும், உறை நிலத்தில் கிடக்கும். தங்கச்சி தந்த ஆறும் ஒரே பின்னேரத்தில் முடிந்தன.

காலி வீதியில் சந்திக்குச் சந்தி லொத்தர்ச் சீட்டு விற்கும் மேசை இருக்கிறது. என் மகனை அங்கே கூட்டிப்போய் ஒரு சீட்டு இழு ராசா என்று நான் சொல்ல மாட்டேன். பக்கெற்றை மட்டும் பரிசு என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி திறக்கும் கணினி விளையாட்டுகளை 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு சூது என்றே முடிவு செய்தது. கடதாசிக் கார்ட் அந்த முடிவுக்குள் வராது. ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த அந்த முகத்தைப் பார்த்த எனக்கு இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் தெரியவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு அவனுக்குக் கைவிசேஷமாக 3,000 ரூபாய் சேர்ந்தது. அப்பப்பா கொடுத்த ஆயிரம், மாமாமார் கொடுத்தது, மேல் வீட்டு அன்ரி கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு என்வலப்பில் போட்டு வைத்திருந்தான். புறக்கோட்டைக்குப் போனபோது ஒரு கடையில் பக்கெற் ஒன்று 250 ரூபாய் என்றார்கள். பம்பலப்பிட்டியில் 2,200 சொன்ன பொருள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "ஒரிஜினல்தான், பயப்படாம எடுங்க" என்றார் கடைக்காரர். மகன் தன் கையாலேயே 2,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துப் பத்துப் பக்கெற் வாங்கினான்.

வீட்டுக்கு வந்து பிரித்தான். பத்தில் மூன்றில்தான் கோட் கார்ட் இருந்தது. முதலாவதைப் பதிந்தான், டெப் ஏற்கவில்லை. எழுத்துப் பிழை என்று நினைத்து ஒவ்வொரு எழுத்தாக நான் வாசிக்க அவன் திரும்பவும் அடித்தான். ஏற்கவில்லை. இரண்டாவதை எடுத்தேன், மூன்றாவதையும் எடுத்தேன், மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் ஒரே குறியீடு. அவனும் பார்த்துவிட்டான். ஒரு சொல் பேசவில்லை. என்வலப்பைத் திறந்து உள்ளே எஞ்சியிருந்த 500 ரூபாயைப் பார்த்துவிட்டு மூடினான். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் கார்ட் விற்கும் சின்னக் கடைக்கு அந்தக் கட்டைக் கொண்டுபோனேன். அங்கே இருந்த நானா எங்களை இருக்கச் சொல்லி, மகனுக்கே சொல்லிக் கொடுத்தார். "தம்பி, இதையும் இதையும் பின்னால லைட் அடிச்சுப் பாருங்க." போன் வெளிச்சத்தில் எங்கள் கார்ட் மண்ணெண்ணெய் பட்ட கடதாசி போல ஒளிவிட்டது. உண்மையான கார்ட் இருண்டே நின்றது. உண்மையான கார்ட்டின் நடுவில் கறுத்த படலம் ஒன்று வைத்து ஒட்டியிருக்கும் என்றார். போலி ஒன்றை எங்கள் அனுமதியோடு கிழித்தார், நடுவெல்லாம் வெள்ளை. பின்பக்க நீலமும் வெளிறியிருந்தது. போக்கிமொன் என்ற ஆங்கிலப் பெயரில் நாலாவது எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு இருக்க வேண்டும், எங்களுடையதில் அது இல்லை. மகன் வீட்டுக்கு வந்து மிச்சக் கார்ட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இரண்டு கட்டாகப் பிரித்தான். அந்தக் கைவிசேஷத்துக்குக் கிடைத்த பயன் அதுதான். இப்போது பள்ளிக்கூட வேனில் பொடியன்கள் கார்ட் மாற்றும்போது இவனிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறார்களாம்.

கார்ட்டின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. எல்லாவற்றையும் அலுமாரிக்கு மேலே போட்டுப் பூட்டிவிடலாம் என்றும் நினைத்தேன். என் அம்மாதான் தடுத்தார். "உன்ர அண்ணன் நெருப்புப்பெட்டிக்குள்ள பொன்வண்டு வச்சிருந்தவன், மறந்து போனியோ?" என்றார். மறக்கவில்லை. சாவகச்சேரி வீட்டில் அண்ணனிடம் ஏழு நெருப்புப்பெட்டி இருந்தது. இலை போட்டு, மூடியில் ஊசியால் துளை போட்டு, எந்தப் பெட்டியில் எந்த வண்டு என்று அவனுக்கு மட்டும் தெரியும்படி குறி வைத்திருப்பான். பக்கத்து வீட்டுப் பொடியனோடு வண்டு மாற்றுவான். போக்கிமொன்னை உருவாக்கிய சதோஷி தஜிரி என்ற ஜப்பானியரும் சின்ன வயதில் பூச்சி சேர்த்தவர்தான். அந்த ஆசையில் இருந்துதான் 1996இல் முதல் போக்கிமொன் கணினி விளையாட்டு வந்தது. இரண்டு பிள்ளைகள் தங்கள் கருவிகளைக் கம்பியால் இணைத்து உயிர்களை மாற்றிக்கொள்வது அதற்குள் இருந்தது. கார்ட் விளையாட்டும் அதே ஆண்டு ஜப்பானில் வந்து, 1999இல் ஆங்கிலத்தில் வெளியானது. சேர்க்கும் ஆசை என் மகனிடம் புதிதாக முளைத்த வியாதி இல்லை. அண்ணனுக்கு வண்டு பிடிக்க வேலியும் மரமும் இருந்தன. இவனுக்குக் கடை மட்டும்தான் இருந்தது. அதைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அப்படித்தான் டெக் வீட்டுக்கு வந்தது. இஎக்ஸ் பட்டில் டெக் என்ற பெட்டி. 2023இல் வந்த வகைகளில் ஒன்று லூகாரியோ, இன்னொன்று ஆம்பரோஸ், இரண்டும் போக்கிமொன் பெயர்கள். நாங்கள் வாங்கியது லூகாரியோ. நானாவின் கடையில் 7,800 ரூபாய். நாலு பக்கெற்றுக்குக் கொடுக்கும் காசுக்குக் கொஞ்சம் குறைய. பெட்டிக்குள் உடனே விளையாடக்கூடிய 60 கார்ட், விதிப் புத்தகம், விரிப்பு, அடி எண்ணும் வில்லைகள், பெரிய நாணயம், கார்ட் வைக்கும் பெட்டி, ஒரு கோட் கார்ட் இருக்கின்றன. என்ன வரும் என்ற கேள்வியே இல்லை. பெட்டியைத் திறந்ததும் எல்லாம் தெரிந்துவிடும். முதலில் மகனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. "இதில சர்ப்ரைஸ் இல்லையே அம்மா" என்றான். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து இருவரும் நிலத்தில் பாய் போட்டு இருந்தோம்.

இந்த டெக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, தனியே இருந்து எதுவும் செய்ய முடியாது என்பதுதான். எதிரே ஒரு ஆள் வேண்டும். ஏழு கார்ட் கையில் எடுக்க வேண்டும், ஆறு கார்ட்டைப் பரிசாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், ஒரு முறைக்கு ஒரு சக்திதான் போடலாம். எதிராளியின் போக்கிமொன்னை விழுத்தினால் பரிசுக் கார்ட் ஒன்றை எடுக்கலாம், விழுந்தது பலம் கூடிய இஎக்ஸ் வகை என்றால் இரண்டு. ரியோலு என்ற சின்னப் போக்கிமொன்னை முதலில் வைத்து, அதை வளர்த்துத்தான் லூகாரியோ ஆக்க முடியும், அதற்குக் காத்திருக்க வேண்டும். பக்கெற்றில் ஒரு நிமிடம் பொறுக்காத பிள்ளை இங்கே முக்கால் மணித்தியாலம் பொறுத்திருக்கிறான்.

கார்ட் தமிழில் இல்லை, சிங்களத்திலும் இல்லை. அதனால் எங்களுக்கென்று ஒரு பாஷை வந்துவிட்டது. சக்தி போட்டாச்சு, பின்வாங்குறன், பரிசு எடுக்கிறன், பெஞ்சில இரு. அம்மாவுக்கு விதி தெரியாது. ஆனால் நாணயம் சுண்டுவது அவர்தான். ரியோலுவை "நீலக்குட்டி" என்று கூப்பிடுவார். அது விழுந்தால் மனம் வருந்துவார். 120இல் இருந்து 70ஐக் கழி என்று கொப்பியில் கொடுத்தால் முகம் சுளிக்கும் மகன் இங்கே வாயாலேயே கழிக்கிறான். கார்ட்டில் உள்ள ஆங்கில வரி விளங்காவிட்டால் தானாக வந்து கேட்கிறான்.

குறை ஒன்று உண்டு. ஒரு பெட்டி ஒருவருக்குத்தான். எதிரே இருப்பவருக்கு இன்னொரு டெக் வேண்டும். தங்கச்சியின் பக்கெற்றுகளில் வந்ததையும், தெரிந்த ஒரு பொடியன் தந்த பழைய கார்ட்டுகளையும் சேர்த்து, எனக்கு ஒரு அறுபதை மகனே கட்டித் தந்தான். அடிப்படைச் சக்தி தவிர ஒரே பெயரில் நாலுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் இரண்டு நாள் யோசித்தான். கதிரையில் கிடந்த கார்ட்டுகளுக்கு முதன்முறையாக வேலை வந்தது அப்போதுதான்.

இனி டெப்பில் விளையாடும் பகுதி. டெக்கோடு வந்த குறியீட்டைப் பதிந்ததும் அதே அறுபது கார்ட்டும் திரையில் வந்தன. கையில் உள்ளதும் அங்கே உள்ளதும் ஒன்று என்பதால் விதி பழக அது நல்ல இடம். பிழையான அடி எடுத்தால் விளையாட்டே விடாது. டிசிஜி லைவில் காசு கொடுத்து எதுவும் வாங்க முடியாது. ஒரே கார்ட் நாலுக்கு மேல் வந்தால் அது கிரெடிட் ஆகிவிடும். அந்தக் கிரெடிட்டைச் சேர்த்து வேண்டிய கார்ட்டைத் தெரிந்தெடுக்கலாம், அதிர்ஷ்டத்தை நம்பத் தேவையில்லை. தெரியாதவர்களோடு எழுத்தில் கதைக்கவும் அங்கே வழியில்லை. இவை மூன்றுக்காகவும் அதை வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு நண்பனோடு கார்ட் மாற்ற முடியாது. வேனில், வாசற்படியில், மழை பெய்யும்போது மேல் வீட்டுப் படிக்கட்டில் இருந்து மாற்றுவது கையில் உள்ள கார்ட்டால்தான் நடக்கும்.

டிசிஜி பொக்கெட் என்று 2024 ஐப்பசியில் போனில் விளையாடும் வேறொரு போக்கிமொன் விளையாட்டு வந்தது. மகனின் கூட்டாளிகள் பலர் அதைத்தான் விளையாடுகிறார்கள். 12 மணித்தியாலத்துக்கு ஒரு பக்கெற் இலவசமாகத் திறக்கலாம், அதைவிடக் கூட வேண்டுமென்றால் காசும் கொடுக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையின் நாளை 12 மணித்தியாலமாகப் பிரித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. கெஞ்சினான். இறக்கவில்லை, காரணத்தையும் அவனுக்கு இதே சொற்களில் சொன்னேன்.

வீட்டில் இப்போது நடப்பது இது. கணக்கு என் மின்னஞ்சலில் இருக்கிறது, கடவுச்சொல் எனக்குத்தான் தெரியும். பதியாத கோட் கார்ட்டுகள் பழைய பால்மாப் பேணிக்குள், ஞாயிறு காலை ஒன்று. கோட் கார்ட்டைப் படம் எடுத்து யாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்கே அது. வேண்டிய கார்ட்டின் பெயரைத் திகதியோடு கொப்பியில் எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்தும் வேண்டும் என்றால் பக்கெற் வாங்காமல் அந்தக் கார்ட்டைத் தனியாகத் தேடி வாங்குவோம். கொப்பியில் பதினேழு பெயர் இருக்கிறது. பதினொன்றை அவனே வெட்டிவிட்டான். வெட்டும்போது கோட்டை அடிமட்டம் வைத்து நேராகப் போடுகிறான், ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறந்தநாளுக்குப் பக்கெற் கொடுக்க நினைக்கும் மாமா மாமிமாருக்கு ஒரு வேண்டுகோள். நாலு பக்கெற்றின் காசுக்கு ஒரு டெக்கை வாங்கி, அரை நாள் வந்து இருந்து பிள்ளையோடு விளையாடிவிட்டுப் போங்கள். புறக்கோட்டையில் மலிவாகக் கண்டால் ஒரு கார்ட்டை வெளிச்சத்தில் பிடிக்காமல் காசை எடுக்காதீர்கள். கடைக்காரர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆம்பரோஸ் டெக் கொழும்பில் இன்னும் எனக்கு அகப்படவில்லை. வரும் மார்கழிக்குப் பக்கெற் வேண்டாம், அதைத் தேடிக் கொண்டுவா என்று தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறேன். மகன் போனை வாங்கி, "சித்தி, அது அம்மாவுக்கு. அவவிட்ட இருக்கிற டெக் சரியான வீக்" என்றான்.